அரைக் கிலோ தைரியம்

ஆவடி அருகே முத்தாபுதுப்பேட்டை நகைக்கடைக் கொள்ளை நடந்தது 2024 ஏப்ரலில். பட்டப்பகல். காரில் வந்து இறங்கிய கும்பல் துப்பாக்கியைக் காட்டிக் கடைக்காரரைக் கட்டிப்போட்டு, நகைகளை வாரிக்கொண்டு கிளம்பிவிட்டது. அதன்பிறகு அம்பத்தூர், திருமுல்லைவாயில், ஆவடி என்று சென்னை-திருவள்ளூர் சி.டி.எச். சாலை நெடுக நகைக்கடைக்காரர்களும் அடகுக்கடைக்காரர்களும் கூடினால் பேச்சு எப்படியும் ஓரிடத்தில் வந்து நிற்கிறது: “லைசன்ஸ் எடுத்து ஒண்ணு வாங்கி இடுப்புல வெச்சுக்கலாமா?” மனை வாங்கி விற்பவர்கள் இதே கேள்வியை வெகுநாளாகவே கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். லைசன்ஸ் கிடைக்குமா என்பது தெரிவதற்கு முன்பே எந்தத் துப்பாக்கி என்பதில் விவாதம் சூடுபிடித்துவிடும். சின்னதாக இருக்க வேண்டும், சட்டைக்கு வெளியே தெரியக் கூடாது, எடுத்தவுடன் சுட வேண்டும்.

பயம் நியாயமானது. அதைக் கிண்டல் செய்ய எனக்கு மனமில்லை. ஆனால், மறைத்து வைத்த துப்பாக்கி இந்தப் பயத்துக்கு மருந்தல்ல என்பதுதான் என் கட்சி. அதற்குள் போவதற்கு முன், கடையில் உண்மையில் என்னதான் கிடைக்கிறது என்று பார்த்துவிடலாம். ஆர்வமாகப் பேசுகிற பலர் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லை.

செல்போனில் அவர்கள் பார்ப்பதெல்லாம் அமெரிக்க வீடியோக்கள். 2018இல் அங்கே சந்தைக்கு வந்த சிக் சாவர் பி365 இந்த ரகத்தையே மாற்றிப்போட்டது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிற உடம்பு, அரைக் கிலோ எடை, மேகசினில் பத்துத் தோட்டா, அதுவும் 9 எம்.எம். அந்நாட்டில் பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் இப்படியொன்றை மறைத்து எடுத்துச் செல்ல அனுமதிச் சீட்டே வேண்டாம். 'உனக்கு ஏன் வேண்டும், தனிக் காரணம் காட்டு' என்று கேட்டுக்கொண்டிருந்த நியூயார்க் மாநிலச் சட்டத்தையும் 2022 ஜூனில் அவர்களுடைய உச்ச நீதிமன்றம் செல்லாது என்று சொல்லிவிட்டது.

இங்கே கதை நேரெதிர். காரணம் காட்டாமல் எதுவும் நகராது. அதோடு 9 எம்.எம். துப்பாக்கி சாதாரணக் குடிமகனுக்குத் தடைசெய்யப்பட்ட ரகம். பாயிண்ட் 38, பாயிண்ட் 455, பாயிண்ட் 303 எல்லாமே அந்தப் பட்டியலில்தான். ராணுவமும் போலீசும் பயன்படுத்தும் தோட்டா ஊருக்குள் யார் துப்பாக்கியிலும் பொருந்திவிடக் கூடாது என்பது வெள்ளைக்காரன் காலத்துக் கணக்கு. 1857 தந்த பாடத்துக்குப் பிறகு 1878இல் வந்த ஆயுதச் சட்டத்தின் வாடை இன்னும் முழுதாகப் போகவில்லை. 1959ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பிறகும் கணக்கு பெரிதாக மாறவில்லை. எண்பதுகளின் நடுவிலிருந்து வெளிநாட்டுத் துப்பாக்கியைச் சாமானியர் இறக்குமதி செய்யவும் வழியில்லை. அதற்கு முன்பே நாட்டுக்குள் வந்துவிட்ட பழைய வால்தர், வெப்லி போன்றவைதான் கைமாறிக் கைமாறி, சொந்த ஊரில் விற்கும் விலையைப் போலப் பல மடங்கு கொடுத்து வாங்கப்படுகின்றன. தாத்தா காலத்து இரும்புக்கு லட்சக்கணக்கில் விலை.

எஞ்சியதில் முக்கியமானவை பாயிண்ட் 32, பாயிண்ட் 22. பெரும்பாலும் கான்பூர் ஆயுதத் தொழிற்சாலையின் ரிவால்வர், அல்லது 'அஷானி' பிஸ்டல். இரண்டையுமே 'பாயிண்ட் 32' என்று சொன்னாலும் ஒன்றின் தோட்டா மற்றதில் போகாது. ரிவால்வருக்கு விளிம்பு வைத்த நீளத் தோட்டா, பிஸ்டலுக்கு 1899இல் ஜான் பிரௌனிங் வடிவமைத்த குட்டைத் தோட்டா. இரண்டுமே 9 எம்.எம். தரும் விசையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் தரும். புதிதாக 2023 ஆகஸ்டில் வந்த 'பிரபல்' ரிவால்வரின் குழல் 76 மில்லிமீட்டர், எடை தோட்டா இல்லாமலே 700 கிராம். சிலிண்டர் பக்கவாட்டில் திறப்பதும் 50 மீட்டர் வரை சுடும் என்பதும் அதன் பெருமைகள். கடைவீதியில் ஒருவன் நம் கழுத்துக்கு நேரே நிற்கும்போது 50 மீட்டர் எதற்கு என்று கேட்டால் விற்பவரிடம் பதில் இருக்காது.

ரிவால்வரைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்கு ஒன்று புரிந்திருக்கும். சுத்தியலைப் பின்னுக்கு இழுத்து வைக்காமல் நேராகக் குதிரையை அழுத்தினால், அந்த ஒரே இழுப்பில் சிலிண்டரும் சுற்ற வேண்டும், சுத்தியலும் பின்னால் போய்த் திரும்பி வர வேண்டும். விரலுக்கு அது கனத்த வேலை. விரல் இழுக்க இழுக்க குழலின் முனை பக்கவாட்டில் நகர்ந்துவிடும். மூன்று அங்குலக் குழலில் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடைவெளி சொற்பம் என்பதால், மயிரிழை பிசகு எதிர்ச்சுவரில் சாண் கணக்கில் தெரியும். பிஸ்டலில் இழுப்பு இலகு, தோட்டாவும் கூடுதல். ஆனால் அதன் மூடி பின்னால் போய்த் திரும்பும்போது தோட்டா வாகாக ஏறாவிட்டால் சிக்கிக்கொள்ளும், சிக்கியதை உதறி எடுக்கக் கைப்பழக்கம் வேண்டும். மொத்தத்தில் சின்னத் துப்பாக்கிதான் சுடுவதற்குக் கடினமான துப்பாக்கி. பிடிக்க இடம் போதாது, உதை கூடுதல், குறி குறைவு. புதியவர்கள் தேடிப் போவதோ அதையே. வாரம் ஒருமுறையாவது சுட்டுப் பழகாதவரிடம் அது வெறும் எடை. எழும்பூர் ரைஃபிள் கிளப்புக்குப் போய் முறையாகப் பழகுகிற விளையாட்டு வீரர்களைக் கேட்டால் இதைத்தான் சொல்வார்கள். எத்தனை நகைக்கடைக்காரருக்கு ஞாயிற்றுக்கிழமை அதற்கு நேரமிருக்கிறது?

பிறகு உடுப்பு. அமெரிக்க வீடியோவில் வருகிறவர் மேலே ஜாக்கெட் போட்டிருக்கிறார். மே மாதத் திருமுல்லைவாயிலில் ஒற்றைச் சட்டையே முதுகில் ஒட்டிக்கொள்கிறது. வேட்டி கட்டுகிறவர் முக்கால் கிலோ இரும்பை எங்கே செருகுவார்? பச்சை பெல்ட் தாங்காது. பேன்ட் பெல்ட்டில் உறை மாட்டிச் சட்டையை வெளியே விட்டால், மின்சார ரயிலில் ஏறிக் கம்பியைப் பிடிக்கக் கை தூக்கியதும் குட்டு வெளிப்படும். வியர்வை உப்பு ஒரு மழைக்காலம் முடிவதற்குள் துருவேற்றிவிடும். இத்தனை தொல்லை இருந்தும் மறைத்துத்தான் ஆக வேண்டும். 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள், பொது இடத்தில் கைத்துப்பாக்கியை உறையில் போட்டு முழுக்க மூடியே எடுத்துச் செல்ல வேண்டும் என்கின்றன. எடுத்து ஆட்டிக் காட்டினால் லைசன்ஸ் போகும். கல்யாண வீட்டில் வானத்தை நோக்கிச் சுட்டு மகிழ்ந்தால் 2019 திருத்தத்தின்படி இரண்டு ஆண்டு வரை சிறை.

இந்த இடத்தில்தான் என் வாதம் தொடங்குகிறது. தெரிகிற துப்பாக்கிக்கு ஒரு வேலை உண்டு. வங்கி வாசலிலும் ஏ.டி.எம்.முக்குப் பணம் கொண்டுவரும் வேனிலும் இரட்டைக்குழல் பன்னிரண்டு போரோடு ஒரு கன்மேன் நிற்கிறாரே, பெரும்பாலும் ஓய்வுபெற்ற ராணுவக்காரர், அவர் சுட்டு யாரும் பார்த்ததில்லை. அது கண்ணில் படுவதற்காகவே இருக்கிற துப்பாக்கி. பார்க்கிறவன் வேறு இடம் தேடிப் போகிறான். மறைத்த துப்பாக்கியால் அது முடியாது. தாக்க வருகிறவனுக்கு அது தெரியாது, தெரியாததைக் கண்டு யாரும் பின்வாங்குவதில்லை. யாரிடம் இருக்கும் என்று தெரியாததால் திருடனுக்கு எல்லோரிடமும் பயம் வரும் என்று ஜான் லாட் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1998இல் ஒரு புத்தகமே எழுதினார். அந்நாட்டின் தேசிய ஆராய்ச்சிக் குழு 2004இல் அந்தத் தரவுகளை அலசிவிட்டு, அப்படி முடிவுகட்டப் போதிய ஆதாரமில்லை என்றது. அங்கேயே அப்படி. 2016 இறுதியில் உள்துறை அமைச்சகக் கணக்கில் உத்தரப் பிரதேசத்தில் 12.7 லட்சத்துக்கு மேல் லைசன்ஸ்கள் இருந்தன, தமிழ்நாட்டில் சுமார் 22,500. ஏழு கோடிப் பேருக்கு இது என்றால் மூவாயிரம் பேரில் ஒருவர். எந்தத் திருடன் அந்த ஒருவரை நினைத்துத் தயங்கப்போகிறான்?

ஆக, மறைத்த துப்பாக்கிக்குத் தாக்குதல் தொடங்கிய பிறகுதான் வேலை. தொடங்கிய பிறகு எவ்வளவு நேரம் இருக்கிறது? சால்ட் லேக் சிட்டி போலீஸ் பயிற்சியாளர் டென்னிஸ் டுயெல்லர் 1983இல் இதை அளந்து எழுதினார். கத்தியோடு 21 அடி தூரத்தில் நிற்கிற ஒருவன் பாய்ந்து வந்து சேர ஒன்றரை வினாடி. பழகிய போலீஸ்காரர் உறையிலிருந்து எடுத்துச் சுடவும் ஏறத்தாழ அதே ஒன்றரை வினாடி. இதை நம் ஊர் அளவில் வைத்துப் பாருங்கள். திருமுல்லைவாயில், அண்ணனூர்ப் பக்கம் எந்த லே-அவுட்டிலும் மனை விளம்பரத்தில் 'இருபதடி ரோடு' என்று போட்டிருக்கும். எதிர்வீட்டுச் சுவரோரம் பைக்கை நிறுத்திவிட்டு நிற்பவனுக்கும் உங்களுக்கும் நடுவே அவ்வளவுதான் தூரம். அவன் கையில் பட்டாக்கத்தி. உங்கள் துப்பாக்கி சட்டைக்குள், உறைக்குள், விதிப்படி முழுக்க மூடியபடி.

இது வெறும் கணக்கு அல்ல. 2024 ஜூலை 5 மாலை, பெரம்பூரில் தான் கட்டிக்கொண்டிருந்த வீட்டின் அருகே பகுஜன் சமாஜ் கட்சியின் மாநிலத் தலைவர் கே. ஆம்ஸ்ட்ராங் வெட்டிக் கொல்லப்பட்டார். வழக்கறிஞர், குத்துச்சண்டை பழகியவர், சுற்றிலும் ஆட்கள் இருந்தவர். வந்தவர்களில் சிலர் உணவு டெலிவரி செய்பவர்களின் உடையில் இருந்தார்கள். அவரிடம் லைசன்ஸ் பெற்ற துப்பாக்கி இருந்தது. மக்களவைத் தேர்தலுக்காக ஒப்படைத்திருந்ததைத் தேர்தல் முடிந்த பின் ஜூனிலேயே திரும்பப் பெற்றுவிட்டார் என்று அப்போதைய சென்னை போலீஸ் ஆணையர் சொன்னார்.  அன்று துப்பாக்கி எங்கே இருந்தது என்பது இரண்டாம் பட்சம். அருவாளோடு ஒரு கூட்டமே திட்டமிட்டு வரும்போது, அதுவும் பார்சல் கொடுக்க வருகிற ஆள் போல வரும்போது, எந்தக் கம்பெனித் துப்பாக்கி என்பதில் ஒன்றுமே இல்லை. அவருக்கு மிரட்டல் இருந்தது என்பது கூடவே இருந்தவர்கள் சொன்னது. அந்த மிரட்டலுக்கு அரசிடமிருந்து வந்திருக்க வேண்டியது வேறு ஏற்பாடு.

இடுப்பில் துப்பாக்கியோடு போனவர் என்றால் தமிழ்நாட்டுக்கு முதலில் நினைவு வருவது எம்.ஆர். ராதா. 1967 ஜனவரி 12, ராமாவரம் தோட்டம். இதே மேற்குப் புறநகர்தான், பூந்தமல்லிச் சாலைப் பக்கம். ஒரு தயாரிப்பாளரோடு எம்.ஜி.ஆரைப் பார்க்கப் போன ராதா, பேச்சின் நடுவே சுட்டார். குண்டு எம்.ஜி.ஆரின் இடது காதுப் பக்கம் துளைத்துக் கழுத்தில் தங்கியது. அடுத்து ராதா தன்னையே சுட்டுக்கொண்டார். ஓர் அறை, சில அடி தூரம், நேருக்கு நேர், இருந்தும் இருவரும் பிழைத்தார்கள். தோட்டாக்கள் பல ஆண்டுகளுக்கு முன் வாங்கியவை, மேசை இழுப்பறையில் கிடந்து, திறக்கும்போதெல்லாம் உருண்டு உரசித் தளர்ந்து வேகம் இழந்திருந்தன என்பது பின்னாளில் தடயவியல் தரப்பிலிருந்து வந்த விளக்கம். வாங்கி வைத்துவிட்டு மறந்துபோகிற வீட்டுத் துப்பாக்கிகள் எல்லாவற்றின் கதையும் அந்த இழுப்பறையில் இருக்கிறது. கட்டுப்போட்ட கழுத்தோடு எம்.ஜி.ஆர். இருக்கும் போஸ்டர் பரங்கிமலைத் தொகுதியில் அவரை ஜெயிக்க வைத்ததும் தி.மு.க. ஆட்சிக்கு வந்ததும் எல்லோரும் அறிந்த வரலாறு. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அந்தத் துப்பாக்கி திருடனையோ கொள்ளைக்காரனையோ பார்க்கவில்லை. தெரிந்தவர் வீட்டில், தெரிந்தவர் மீது வெடித்தது, அடுத்த நொடி வைத்திருந்தவர் மீதே திரும்பியது.

வீட்டுத் துப்பாக்கிகள் பொதுவாகப் போகிற பாதையும் இதுவே. ஆர்தர் கெல்லர்மனும் சகாக்களும் 1993இல் வெளியிட்ட ஆய்வில், துப்பாக்கி வைத்திருக்கும் வீடுகளில் கொலை நடக்கும் வாய்ப்பு மற்ற வீடுகளைவிட ஏறத்தாழ 2.7 மடங்கு என்று வந்தது. சுட்டவர்கள் பெரும்பாலும் குடும்பத்தார் அல்லது நன்கு பழகியவர்கள். அதற்கு முந்தைய ஆண்டு அவர்கள் தற்கொலையை ஆராய்ந்ததில் வித்தியாசம் இன்னும் அதிகம். அமெரிக்க வீடுகளை வைத்துச் செய்த ஆய்வுகள், முறை பற்றிய சர்ச்சைகளும் உண்டு. ஆனால் கடன் தொல்லை, சொத்துத் தகராறு, குடி எல்லாம் நம் வீடுகளிலும் இருக்கிறவைதானே.

நம் திருமுல்லைவாயில் மாசிலாமணீஸ்வரர் கோயில் தலபுராணத்தை இங்கே சொல்லாமல் போக முடியவில்லை. குறும்பரை அடக்கப் படையோடு வந்த தொண்டைமானின் யானைக் கால்களில் முல்லைக் கொடி சிக்கிக்கொண்டது. கொடியை அறுக்க வாளை வீசினான், ரத்தம் பீறிட்டது. வெட்டுப்பட்டது கொடிக்கடியில் இருந்த சிவலிங்கம். துடித்துப்போன மன்னன் அதே வாளைத் தன் கழுத்தில் வைத்துக்கொண்டான் என்கிறது கதை. எதிரிக்காக ஏந்திய வாள் பாய்ந்தது எதிரி மேல் அல்ல. இறைவன் தடுத்து ஆட்கொண்டு, துணைக்கு நந்தியை அனுப்பினாராம். போருக்குக் கிளம்பிய கோலத்தில் நந்தி இன்றும் சுவாமிக்கு முதுகு காட்டித்தான் நிற்கிறது. வெட்டுக் காயத்துக்காகச் சந்தனக் காப்பு.

சரி, லைசன்ஸ் யாருக்குத்தான் கிடைக்கிறது? 21 வயது, மனநலம் உட்பட மருத்துவச் சான்று, துப்பாக்கி கையாளப் பயிற்சிச் சான்று, வீட்டில் பூட்டி வைக்க இடம், போலீஸ் விசாரணை அறிக்கை, உயிருக்கு ஆபத்து என்பதற்குக் காரணம். ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிதான் உச்சம், 2019க்கு முன் மூன்று. காகிதத்தில் கறாரான சட்டம், கறாராகவே இருக்கட்டும் என்பேன். நடைமுறையில் லைசன்ஸ் என்பது ஆபத்தில் இருப்பவருக்குக் கிடைக்கும் பாதுகாப்பாக இல்லாமல், செல்வாக்குள்ளவருக்குக் கிடைக்கும் பட்டயமாகிவிட்டது. மனு செய்து ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் சின்ன அடகுக்கடைக்காரரும், பொன்னாடையோடு சேர்த்து ரிவால்வரும் வைத்திருக்கும் வட்டாரப் பிரமுகரும் இதே சாலையில்தான் இருக்கிறார்கள். தேர்தல் வந்தால் அந்தப் பிரமுகர்கள் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் கொடுத்துவிட்டு இரண்டு மூன்று மாதம் வெறுங்கையோடு, எந்தப் பதற்றமும் இல்லாமல் நடமாடுகிறார்கள். பகை கொதிக்கிற தேர்தல் காலத்திலேயே தேவைப்படாத துப்பாக்கி மற்ற நாளில் ஏன் தேவை என்று புதுப்பிக்கும்போது யாராவது கேட்கிறார்களா?

2014 ஜனவரியில் கான்பூரிலிருந்து 'நிர்பீக்' வந்தபோது இந்தப் போலித்தனம் உச்சத்துக்குப் போனது. டெல்லியில் 2012 டிசம்பரில் பேருந்தில் சிதைக்கப்பட்ட பெண்ணை நினைவுபடுத்தும் பெயர், அரைக் கிலோ டைட்டேனியக் கலவை, நகைப்பெட்டி போல ஒரு பெட்டி, விலை ₹1,22,360. பெண்கள் கைப்பையில் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். இரவு எட்டு மணிக்குத் திருமுல்லைவாயில் ஸ்டேஷனில் இறங்கி, விளக்கெரியாத தெருவில் வீட்டுக்கு நடக்கிற, அம்பத்தூர் எஸ்டேட்டில் தையல் வேலை பார்க்கும் பெண்ணின் பல மாதச் சம்பளம் அது. அவளுக்குத் தெருவிளக்கு போதும். கூடுதலாக, கூப்பிட்டால் வருகிற ரோந்து.

தற்காப்பு உரிமைக்குத் துப்பாக்கி தேவை என்பதும் பொய். மதுரையில் 2012இல் மகளைக் காப்பாற்ற ஒரு தாய் கணவனைக் கிரிக்கெட் மட்டையால் அடித்துக் கொன்றபோது, அப்போதைய எஸ்.பி. அஸ்ரா கார்க், இந்தியத் தண்டனைச் சட்டம் 100ஆம் பிரிவின்படி அது தற்காப்பு என்று அவரை விடுவித்தார். இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அந்த உரிமை அப்படியே இருக்கிறது. நீதிமன்றம் பார்ப்பது ஆபத்து எவ்வளவு, பதிலடி அதற்கு ஏற்றதா என்பதைத்தான். சந்தேகத்தில் சுட்டுவிட்டு, வந்தவன் முகவரி கேட்க வந்தவன் என்று தெரிந்தால் லைசன்ஸ் ஒரு ஆதரவும் தராது.

ஆவடியைச் சுற்றி இருப்பவர்களுக்கு ஆயுதம் புதிதல்ல. கனரக வாகனத் தொழிற்சாலையில் டாங்கி செய்துவிட்டு மாலையில் சைக்கிளில் வீடு திரும்பிய தலைமுறை இது. நரிக்குறவர்கள் நாட்டுத் துப்பாக்கியைத் தோளில் பகிரங்கமாகச் சுமந்து நடந்த ஊர். ஆயுதத்தோடு பழகியவர்கள் அதைப் பற்றிச் சலசலப்பதில்லை என்பதைப் பட்டாளத்துக்காரர் வீட்டுத் திண்ணைகளில் கவனித்திருக்கிறேன். சலசலப்பு எல்லாம் புதிதாகப் பணம் பார்த்த பக்கத்திலிருந்துதான்.

முத்தாபுதுப்பேட்டைக் கடைக்காரரிடம் அன்று துப்பாக்கி இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? எதிரே நீட்டிய துப்பாக்கிக்கு முன் அவர் இடுப்பை நோக்கிக் கையைக் கொண்டுபோயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தால் எனக்கு நடுங்குகிறது. நகை போச்சு, இன்சூரன்ஸ் இருந்தால் கொஞ்சம் வரும். கடைக்கு வேண்டியது உள்ளிருந்து பொத்தான் அழுத்தினால் திறக்கிற இரட்டைக் கதவு, காவல் நிலையத்தில் ஒலிக்கிற அலாரம், பதிவு வெளியே எங்கோ சேமிக்கப்படுகிற கேமரா, மதிய நேரத்தில் தனியாக உட்காராத ஏற்பாடு. ஒரு ரிவால்வர் விலைக்குள் இதில் பாதி முடிந்துவிடும். வியாபாரிகள் சங்கம் கூடிப் பேசினால் தெருவுக்கே சேர்த்துச் செய்துகொள்ளலாம்.

ஆவடி ஆணையரகமும் ஒன்று செய்யலாம். தன் எல்லைக்குள் எத்தனை லைசன்ஸ்கள் நடப்பில் இருக்கின்றன, அவற்றில் உயிருக்கு ஆபத்து என்று சொல்லி வாங்கியவை எத்தனை, அந்த ஆபத்து இன்னும் இருக்கிறதா என்று கடைசியாக எப்போது விசாரித்தார்கள் என்பதை ஆண்டுக்கு ஒருமுறை வெளியிடட்டும். பெயர்கள் வேண்டாம், எண்ணிக்கை போதும். மிரட்டல் வருகிறது என்று எழுதிக் கொடுத்த மனுக்களில் எத்தனைக்கு ரோந்து போட்டார்கள் என்பதையும் அதே பக்கத்தில் அச்சிட வேண்டும்.